பாப்பா துடிக்குது... மெஷின் ரவுண்ட் ஆஃப் பண்ணுது!

போன வாரம் பஸ் இஞ்சின் சத்தத்தை நம்ம இயர்பட் எப்படி அமுக்குதுன்னு பார்த்தோம் இல்லையா? அதே டெக்னிக் இந்த வாரம் பிரசவ அறைக்குள்ள நுழையுது. 'அய்யய்யோ, இது நம்ம ஏரியா இல்லப்பா'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க மக்களே. எலெக்ட்ரானிக்ஸ் பசங்களுக்கு இதுவும் சொந்த ஏரியாதான்!

டிஎஸ்பி பேப்பர்ல எல்எம்எஸ் அல்காரிதம்னு ஒரு பெரிய கேள்வி வரும். டெரிவேஷனை மனப்பாடம் பண்ணி, பேப்பர்ல கொட்டிட்டு, வெளியே வந்து ஒரு டீ குடிச்சா மொத்தமும் மறந்துடும். நாய்ஸை அடக்க அதை எப்படிப் பயன்படுத்தலாம்னு பெர்னார்ட் விட்ரோவும் அவருடைய சகாக்களும் 1975-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல காட்டின உதாரணங்கள்ல ஒண்ணு என்ன தெரியுமா? கர்ப்பிணியின் வயிறு!

வயிற்றில் எலெக்ட்ரோடு ஒட்டினால் அம்மாவோட இதயத் துடிப்புதான் பெருசா வரும். பாப்பாவோட துடிப்பு அதுக்கு அடியில் புதைஞ்சு கிடக்கும். அதனால அம்மாவின் துடிப்பை நெஞ்சிலிருந்து தனியா எடுத்து, வயிற்றில் வரும் சிக்னலிலிருந்து கழிச்சாங்க. மிச்சம் நின்னது பாப்பா! எங்க நோட்ஸ்ல அந்த பிளாக் டயகிராம் மட்டும் பத்திரமா இருக்கு. பாப்பாவைக் காணோம். சிலபஸ் போட்டவங்க இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தா, அந்த யூனிட்டை நாங்க சாய்ஸில் விட்டிருக்கவே மாட்டோம்.

சரி, பாப்பாவோட துடிப்பைத் தனியா பிரிச்சு எடுத்து என்ன பண்றது? மேட்டர் அங்கதான் இருக்கு.

ரெண்டு கோடு, ஒரு பேப்பர்

1895-ல் பிரான்ஸில் அடோல்ஃப் பினார்ட் என்ற டாக்டர் ஒரு குழலைச் செய்தார். கிட்டத்தட்ட நாதஸ்வரத்தோட வாய் மாதிரி இருக்கும். அகலமான பக்கத்தை வயிற்றில் வைத்து, இந்தப் பக்கம் காதை வைத்தால் பாப்பாவின் லப்டப் கேட்கும். கரன்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். இன்னைக்கும் உலகத்துல பல இடங்கள்ல உபயோகத்தில் இருக்கு.

அப்புறம் அமெரிக்காவில் எட்வர்ட் ஹான், உருகுவேயில் ரொபெர்ட்டோ கால்தெய்ரோ-பார்சியா, ஜெர்மனியில் கொன்ராட் ஹமாகர்னு ஆளாளுக்கு எலெக்ட்ரானிக்ஸை உள்ளே கொண்டு வந்தாங்க. ஹானின் ஒரு கட்டுரை 1958-ல் வந்தது. அப்படி வளர்ந்ததுதான் இன்னைக்கு லேபர் வார்டுகள்ல 'சிடிஜி'ன்னு சொல்ற மெஷின். வயிற்றில் ரெண்டு பெல்ட். ஒண்ணு பாப்பாவோட துடிப்பை அல்ட்ராசவுண்ட் மூலமா பிடிக்கும். இன்னொண்ணு கர்ப்பப்பை எப்ப சுருங்குதுன்னு பார்க்கும். பேப்பர்ல ரெண்டு கோடு ஓடிக்கிட்டே இருக்கும். எங்க அக்கா டெலிவரி ஃபைல்ல அந்த பேப்பரைப் பார்த்தேன். தெர்மல் பேப்பர் போல, பாதி மங்கிப் போயிருந்தது. பஸ் டிக்கெட் கதிதான் அதுக்கும்.

நிமிஷத்துக்கு 110-லிருந்து 160 வரை துடித்தால் நார்மல். ஒவ்வொரு வலி வரும்போதும் கர்ப்பப்பை இறுகி, நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரம் குறையும். ஆரோக்கியமான பாப்பா அதைச் சமாளிச்சுடும். சமாளிக்க முடியாதபோது துடிப்பு சரிஞ்சு, மீள நேரம் எடுக்கும். அந்தச் சரிவு எப்படி இருக்குன்னு பார்த்துத்தான் 'சிசேரியனா, இன்னும் பொறுக்கலாமா'ன்னு முடிவு பண்றாங்க. அதாவது இந்த மெஷின்கிட்ட நாம கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான்: 'பாப்பாவுக்கு ஆக்சிஜன் போகுதா?'

நல்ல கேள்விதான். ஆனா அது மட்டும் போதுமா?

அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ரிசல்ட் 1985-ல் வந்தது. சுமார் 13,000 பெண்களை ரெண்டா பிரிச்சு, ஒரு பிரிவுக்குத் தொடர்ந்து மெஷின், இன்னொரு பிரிவுக்கு அப்பப்போ காதால் கேட்பது. மெஷின் பிரிவில் பிறந்த குழந்தைகளுக்கு வலிப்பு பாதியா குறைஞ்சது. சூப்பர்! ஆனா நாலு வயசுல திரும்பப் பார்த்தப்போ, பெருமூளை வாதம் வந்த குழந்தைகள் ரெண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை.

'மனுஷன் பேப்பரைப் படிச்சாத்தானே தப்பு வரும், கம்ப்யூட்டரைப் படிக்க விடு'ன்னு நம்மள மாதிரி ஆளுங்க சொல்வாங்கல்ல? அதையும் செஞ்சு பார்த்தாச்சு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 47,000-க்கும் அதிகமான பெண்களோட நடந்த 'இன்ஃபன்ட்' ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. சிடிஜியை சாஃப்ட்வேரே படிச்சு அலாரம் கொடுத்தது. குழந்தைகளோட நிலைமையில் முன்னேற்றம் எதுவும் தெரியலை.

இதுக்கு விளக்கம் பல சொல்றாங்க. அதுல எனக்கு முக்கியமா படுறது இது: குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் குறைவு மட்டுமே வில்லன் இல்லை.

இன்னொரு வில்லன்

அழற்சி. 'அழல்'னா நெருப்பு. அதிலிருந்து வந்த சொல்தான் இது. கிருமியோ காயமோ வந்தா நம்ம உடம்பு எதிர்த்து நிற்கும்போது ஏற்படுகிற சூடு, வீக்கம், சிவப்பு எல்லாம் சேர்ந்ததுதான் அழற்சி. விரலில் முள் குத்தினா ரெண்டு நாள் வலிச்சுட்டுப் போயிடும். பிறக்கப் போற குழந்தையின் உடம்பு முழுக்க அது பரவினா விஷயமே வேற.

பனிக்குடம் உடைஞ்சு நேரம் ஆக ஆக, கீழே இருக்கிற கிருமிகள் மேலே ஏற வழி கிடைக்குது. சில சமயம் பனிக்குடம் உடையறதுக்கு முன்னாடியே ஏறிடும். முதல்ல பனிக்குடச் சவ்வு பாதிக்கும். அப்புறம் நீர். அந்த நீரைத்தான் பாப்பா விழுங்குது, நுரையீரலுக்குள்ளும் இழுக்குது. இப்போ பாப்பாவோட உடம்பே சண்டைக்கு இறங்கும். இன்டர்லூகின்-6 மாதிரி ரசாயனத் தூதர்கள் ரத்தத்தில் குவியும். வளர்ந்துகிட்டிருக்கிற மூளையைக் கிருமியும் தாக்கலாம், இந்தச் சண்டையும் தாக்கலாம். 1998-ல் ராபர்ட்டோ ரொமேரோ குழுவினர் இதுக்கு ஒரு பேரும் அளவும் வெச்சாங்க. தொப்புள்கொடி ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 11 பிகோகிராமுக்கு மேல் இன்டர்லூகின்-6 இருந்தா, அது 'சிசு அழற்சி எதிர்வினை'.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1997-ல், கலிஃபோர்னியாவில் சரியான எடையோட பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தாங்க. பிரசவத்தின்போது அம்மாவுக்குக் காய்ச்சலோ, பனிக்குடத் தொற்றுன்னு டாக்டர் எழுதின குறிப்போ இருந்தா, பெருமூளை வாத வாய்ப்பு சுமார் ஒன்பது மடங்கு! பயந்துடாதீங்க. அடிப்படையிலேயே அது அரிது என்பதால், ஒன்பது மடங்கானாலும் பெரும்பாலான குழந்தைகள் நல்லாத்தான் இருப்பாங்க. ஆனா அந்த மிச்சப் பேருக்கு அது ஆயுள் முழுக்க.

சரி, உள்ளே அழற்சி இருக்குன்னு இப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அம்மாவுக்குக் காய்ச்சல் வரணும். கூடவே பாப்பாவின் துடிப்பு பத்து நிமிஷமாவது 160-க்கு மேல் நிற்கணும், அல்லது அம்மாவின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறணும், அல்லது சீழ் மாதிரி திரவம் வரணும். அமெரிக்காவில் 2015-ல் நிபுணர்கள் கூடிப் பேசி வகுத்த அளவுகோல் கிட்டத்தட்ட இதுதான்.

இதுல இருக்கிற ஓட்டையைக் கவனிச்சீங்களா? எல்லாமே வெளியில நின்னு பார்க்கிற சமாச்சாரம். வலி தெரியாம இருக்க முதுகில் போடுற எபிடியூரலே சிலருக்குக் காய்ச்சலைக் கொண்டு வரும், கிருமி எதுவும் இல்லாமலே. பிரசவ வலியிலேயே வெள்ளை அணுக்கள் ஏறும். அம்மா உடம்பு சூடானா பாப்பாவின் துடிப்பும் வேகமாகும். இன்னொரு பக்கம், காய்ச்சலே வராம உள்ளே அழற்சி நடந்துகிட்டும் இருக்கலாம். நிச்சயமா தெரியணும்னா நஞ்சுக்கொடியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கணும். அந்த ரிப்போர்ட் வரும்போது பாப்பா பிறந்து, பேர் தேடிக்கிட்டிருப்பாங்க!

'பாப்பா ரத்தத்தையே எடுத்துப் பார்த்தா?' பெர்லினில் எரிச் சாலிங் 1960-களிலேயே, பிரசவத்தின் நடுவில் பாப்பாவின் உச்சந்தலையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிற முறையைக் கொண்டு வந்தார். ஆனா அதுல பார்க்கிறது அமிலத்தன்மை. மறுபடியும் அதே ஆக்சிஜன் கேள்வி!

ஏன் முன்கூட்டியே தெரியணும்? நேரம் முக்கியம் பாஸ். 1988-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு. தொற்று இருந்த அம்மாக்களில் ஒரு பிரிவுக்குப் பிரசவ வலியின்போதே ஆன்டிபயாடிக், இன்னொரு பிரிவுக்குக் குழந்தை பிறந்த பிறகு. ரெண்டாவது பிரிவில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று. முதல் பிரிவில் ஒருத்தருக்குக்கூட இல்லை. சில மணி நேர வித்தியாசம்தான்.

ஒரு வயர் இருக்கு

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். மூளையிலிருந்து இதயம், நுரையீரல், வயிறுன்னு ஊர் சுத்துற ஒரு நரம்பு இருக்கு. பேரு வேகஸ். அமெரிக்காவின் கெவின் டிரேசி குழு 2000-ல் எலிகளுக்குக் கிருமி நச்சைக் கொடுத்து, வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினாங்க. அழற்சி ரசாயனம் குறைஞ்சது. ஃபீட்பேக் லூப்! உடம்பில் எங்கே அழற்சின்னு மூளைக்குச் சொல்றதும், 'போதும், அடக்கி வாசி'ன்னு திருப்பிச் சொல்றதும் இந்த நரம்பு வழியா நடக்குது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் கிளாஸில் தூங்கினவங்க மன்னிக்கவும்.

இதே வேகஸ்தான் இதயத்தையும் துடிப்புக்குத் துடிப்பு ஏத்தி இறக்கிக்கிட்டிருக்கு. அப்படின்னா, அழற்சியின் தடயம் இதயத் துடிப்பின் நுணுக்கமான ஆட்டத்தில் விழணுமே?

விழுது. பிறந்த குழந்தைகள்ல இது ஏற்கெனவே பார்த்தாச்சு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ராண்டல் மூர்மன் குழு, குறைப்பிரசவக் குழந்தைகளின் துடிப்பைக் கவனிச்சாங்க. ரத்தத்தில் தொற்று வெளியே தெரியறதுக்கு முன்னாடியே துடிப்பின் இயல்பான ஆட்டம் குறையுது, நடுநடுவே சின்னச் சின்னச் சரிவுகள் வருது. இதை ஒரு எண்ணா மாத்தி ஸ்க்ரீனில் காட்டினாங்க. எடை மிகக் குறைந்த 3,003 குழந்தைகள். பாதிப் பேருக்கு அந்த எண் டாக்டர் கண்ணுக்குத் தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது. அவ்ளோதான் வித்தியாசம். 'இந்த எண் வந்தா இந்த மருந்து கொடு'ன்னு எந்த ரூலும் கிடையாது. 2011-ல் முடிவு: இறப்பு 10.2 சதவீதத்திலிருந்து 8.1-ஆக குறைஞ்சது. ஒரு எண்ணைக் காட்டினதுக்கே!

வயிற்றுக்குள்ள இருக்கும்போதே இதைப் படிக்க முடியுமா? மார்ட்டின் ஃபிராஷும் மாண்ட்ரியல் ஆய்வாளர்களும் கருவிலிருக்கும் ஆட்டுக்குட்டிகளில் முயற்சி பண்ணாங்க. கிருமி நச்சைக் கொடுத்து அழற்சியை உண்டாக்கி, ரத்தத்தில் இன்டர்லூகின் ஏறும்போது துடிப்பின் ஆட்டத்தில் என்னென்ன மாறுதுன்னு கணக்கெடுத்தாங்க. ரெண்டுக்கும் தொடர்பு இருக்குன்னு 2015-ல் எழுதினாங்க. ஒரே ஒரு அளவை வெச்சு இல்லை, பல அளவுகளைச் சேர்த்துப் பார்த்தால்.

இங்கதான் சிடிஜி சொதப்புது. ஒரு குட்டிக் கணக்கு போடலாம், பேனா எடுங்க. பாப்பாவின் அடுத்தடுத்த துடிப்புகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி 428, 431, 426, 430 மில்லி செகண்ட்னு வெச்சுக்குவோம். வித்தியாசங்கள் 3, 5, 4. வர்க்கம் எடுத்துக் கூட்டினா 50. மூணால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தா சுமார் 4.1 மில்லி செகண்ட். இதுக்குத்தான் ஆர்எம்எஸ்எஸ்டின்னு பேரு. வேகஸ் எவ்ளோ சுறுசுறுப்பா இருக்குன்னு சொல்ற எண்.

இப்போ அதே நாலு எண்களைப் பத்து மில்லி செகண்டுக்கு ரவுண்ட் பண்ணுங்க. 430, 430, 430, 430. ஆர்எம்எஸ்எஸ்டி எவ்ளோ? பூஜ்யம்! தகவல் மொத்தமும் காலி. பேப்பரில் 'நிமிஷத்துக்கு 140'ன்னு அழகா ஒரு கோடு மட்டும் ஓடும். அல்ட்ராசவுண்ட் சிடிஜி ஒவ்வொரு துடிப்பையும் துல்லியமா பிடிக்கிறதில்லை. சில துடிப்புகளைச் சேர்த்து சராசரி பண்ணித்தான் தருது. பெரும்பாலும் செகண்டுக்கு நாலு மதிப்பு. கோடு தெளிவா தெரியணும்னு வழவழப்பாக்கும்போது, அழற்சி எழுதி வெச்ச கையெழுத்தும் அழிஞ்சு போகுது.

அப்ப செகண்டுக்கு ஆயிரம் சாம்பிள் எடுக்கிற ஈசிஜி வேணும். பாப்பாவின் தலையில் ஒட்டுற எலெக்ட்ரோடு ஏற்கெனவே இருக்கு. ஆனா அதுக்குப் பனிக்குடம் உடைஞ்சிருக்கணும். அதோட, தொற்று இருக்கான்னு பார்க்க தோலைத் துளைக்கிறதுன்னா எனக்கே கொஞ்சம் நெருடுது. இன்னொரு வழி, அம்மாவின் வயிற்றில் ஒட்டுறது. அதாவது விட்ரோவோட 1975 படம்! அம்மாவின் துடிப்பைக் கழிக்கணும், வலி வரும்போது தசைகள் போடுற சத்தத்தைக் கழிக்கணும், பாப்பா உருண்டு திரும்பினா சிக்னல் இடம் மாறுவதைத் துரத்தணும். பரீட்சையில் எழுதற அளவுக்கு ஈஸி இல்லை.

இன்னும் ரெண்டு கொக்கி இருக்கு. பாப்பா வயிற்றுக்குள்ள தூங்கும். தூக்கத்திலும் துடிப்பின் ஆட்டம் குறையும். அம்மாவுக்குக் கொடுக்கிற பெத்தடின், மெக்னீசியம் சல்ஃபேட் மாதிரி மருந்துகளும் அதைக் குறைக்கும். 'டீப் லேர்னிங் போட்டுடலாம் மச்சி'ன்னு எங்க கிளாஸில் ஒருத்தன் எல்லாத்துக்கும் சொல்வான். போடலாம்டா. ஆனா டிரெயின் பண்ண லேபிள் யார் தருவா? எந்தக் குழந்தைக்கு அழற்சி இருந்ததுன்னு நஞ்சுக்கொடி ரிப்போர்ட்தான் சொல்லணும். எல்லாப் பிரசவத்திலும் நஞ்சுக்கொடியை லேபுக்கு அனுப்புறதில்லை. தப்பா அலாரம் அடிச்சா அதுக்கும் விலை இருக்கு. தேவையில்லாத ஒரு ஆபரேஷன், தேவையில்லாத ஆன்டிபயாடிக். விலை கொடுக்கிறது அந்த அம்மா, நம்ம சாஃப்ட்வேர் இல்லை. ஆட்டுக்குட்டியிலிருந்து லேபர் வார்டுக்கு இந்த முறை இன்னும் வந்து சேராததுக்கு இதெல்லாம்தான் காரணம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடி அலையறவங்களுக்கு ஒரு துப்பு. 'ஃபிசியோநெட்'டில் ரெண்டு டேட்டா இலவசமா கிடைக்குது. ஒண்ணு, செக் நாட்டின் பர்னோ நகர் மருத்துவமனையில் எடுத்த 552 பிரசவங்களின் சிடிஜி. செகண்டுக்கு நாலு சாம்பிள்தான், அதனால நாம இவ்ளோ நேரம் பேசின மில்லி செகண்ட் அதுல இருக்காது. இன்னொண்ணு, 2013-ல் நடந்த போட்டிக்காகத் தொகுத்த வயிற்று ஈசிஜி. நாலு சேனல், செகண்டுக்கு ஆயிரம் சாம்பிள், ஆனா ஒவ்வொரு பதிவும் ஒரே ஒரு நிமிஷம். ஒண்ணுல நீளம் இருக்கு, நுணுக்கம் இல்லை. இன்னொண்ணுல நுணுக்கம் இருக்கு, நீளம் இல்லை. ரெண்டையும் சேர்த்து, கூடவே நஞ்சுக்கொடி ரிப்போர்ட்டையும் வெச்சு ஒரு டேட்டா தொகுக்கணும்னா பக்கத்து மெடிக்கல் காலேஜ் கேன்டீனில் போய் ரெண்டு பேரை நட்பு பிடிக்கணும். எங்க ஊரில் அந்த கேன்டீன் சமோசா நல்லாவே இருக்கும்.